கழுத்து வலிக்கு மேனிபுலேஷன்: யாருக்குப் பலன் தரும் என்று கணிக்கும் முறை

கழுத்து மூட்டைக் கையால் சட்டென்று உந்தித் தளர்த்தும் மேனிபுலேஷன் யாருக்குப் பலன் தரும் என்று பார்ப்பதற்கு முன், யாருக்கு அதைச் செய்யவே கூடாது என்பதை இயன்முறை மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். இதுவரை அனுபவித்திராத கழுத்து வலியோ தலைவலியோ திடீரென வந்து, அதனுடன் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். அவரை உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். நடை தள்ளாடுவதும், பொத்தான் போடும்போது விரல்கள் தடுமாறுவதும் தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அண்மையில் விபத்தில் அடிபட்டவர், முடக்குவாதமோ எலும்புப்புரையோ உள்ளவர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர் ஆகியோரிடமும் கழுத்தை உந்தக் கூடாது.

இந்தச் சோதனைகளைக் கடந்தவர்களுக்கே கணிப்பு பொருந்தும். 82 நோயாளிகளைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வு நான்கு அடையாளங்களைக் கண்டறிந்தது: வலி தொடங்கி 38 நாட்களுக்குள் இருப்பது, இச்சிகிச்சை உதவும் என்று நோயாளி நம்புவது, தலையை இடமும் வலமும் திருப்பும் அளவில் 10 பாகையோ அதற்கு மேலோ வேறுபாடு இருப்பது, நடுக்கழுத்து எலும்புகளைப் பின்னாலிருந்து அழுத்தினால் வலிப்பது. மொத்த நோயாளிகளில் 39 சதவீதத்தினரே நல்ல பலன் பெற்றனர். இவற்றுள் மூன்றேனும் இருந்தால் அந்த வாய்ப்பு 90 சதவீதமாக உயர்ந்தது.

நம்பிக்கையைப் பற்றிய கேள்வியை, சிகிச்சையை விளக்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நம்முடைய உற்சாகமான விளக்கமே பதிலை மாற்றிவிடும். திரும்பும் அளவை, தோள்கள் அசையாமல் உட்காரவைத்துக் கோணமானியால் இரண்டு முறை எடுப்பது நல்லது.

ஆனாலும் 90 சதவீதம் என்ற எண்ணில் மயங்கிவிடக் கூடாது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை; புதிதாக வந்த வலி சிகிச்சையின்றியும் தணியக்கூடியது என்பதால், அடையாளங்கள் சிகிச்சையின் பலனைக் காட்டுகின்றனவா, தானாகக் குணமாகும் இயல்பைக் காட்டுகின்றனவா என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது. கழுத்து வலிக்கு மேல்முதுகை உந்தும் சிகிச்சைக்கென 2007இல் முன்வைக்கப்பட்ட ஆறு அடையாள விதி, 140 பேரிடம் நடந்த 2010ஆம் ஆண்டுச் சோதனையில் நிலைபெறவில்லை. விதிக்குப் பொருந்தியவர், பொருந்தாதவர் என்ற வேறுபாடின்றி, உடற்பயிற்சியோடு அச்சிகிச்சையையும் பெற்றவர்களே கூடுதல் முன்னேற்றம் கண்டனர். ஆகவே அடையாளங்கள் குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரை விலக்குவது சரியன்று. அவருக்குக் கழுத்தைத் தொடாமல் மேல்முதுகிலிருந்து தொடங்கலாம் என்பதே என் கருத்து.

நோயாளியின் சம்மதத்துடன் முதல் முறை உந்திய உடனேயே திரும்பும் அளவை மறுபடி எடுத்துக் குறித்துவைக்க வேண்டும். இரண்டாம் அமர்வுக்குப் பின்னும் அளவிலோ வலியிலோ மாற்றம் இல்லையெனில், மேனிபுலேஷனை நிறுத்திவிட்டு உடற்பயிற்சியைத் தொடர வேண்டும்.