சீரியல் பெட்டியின் பொடி எழுத்து

சிறுநீரக நோய்க்கான உணவுக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்தும், இரத்தத்தில் பாஸ்பரஸ் 5.8-லேயே நின்றது. இயல்பான அளவு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம்.

முதலில், காலை உணவான தானியச் சீரியலில் ஊற்றும் பாலைச் சந்தேகித்து, பாதியாகக் குறைத்தேன், பலனில்லை. நார்ச்சத்து நல்லதுதானே என்று தவிட்டுச் சீரியலுக்கு மாறினேன். தவிட்டில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதிகம் என்பது அப்போது தெரியாது. அடுத்த பரிசோதனையில் பொட்டாசியமும் ஏறியிருந்தது.

அதுவரை ஊட்டச்சத்து அட்டவணையை மட்டுமே படித்துவந்தேன். அதில் பாஸ்பரஸ் என்ற வரியே இல்லை! கீழே பொடி எழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலில், சர்க்கரை, உப்பு எல்லாவற்றுக்கும் பின்னால், 'டிரைசோடியம் பாஸ்பேட்' ஒளிந்திருந்தது. தானியத்தில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடலில் சேரும். இப்படிச் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பாலும் அப்படியே சேர்ந்துவிடும்.

பழைய பெட்டியை உணவியல் நிபுணரிடம் காட்டினேன். அவர் சொன்னபடி, சேர்மானத்தில் 'பாஸ்' என்ற எழுத்துகள் எங்கேயும் வராத அரிசிச் சீரியலுக்கு மாறினேன். உப்பு குறைத்தது என்ற பெட்டியையும் விட்டுவிட்டேன். அதில் பொட்டாசியம் குளோரைடு இருந்தது. வெறும் வயிற்றில் விழுங்கிவந்த பாஸ்பேட்டைப் பிணைக்கும் மாத்திரையை (உணவிலுள்ள பாஸ்பேட் உடலில் சேராமல் தடுப்பது), மருத்துவரிடம் கேட்டு, முதல் கவளத்தோடு சேர்த்தேன்.

ஆறு வாரங்களில் 4.4. அப்பாடா என்றிருந்தது.