ஸ்காபரோ–ரூஜ் றிவர் தொகுதி: வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில் இருந்த ஸ்காபரோ–ரூஜ் றிவர் என்ற நாடாளுமன்றத் தொகுதி இப்போது இல்லை. 1988 தேர்தலில் தொடங்கி 2015-இல் முடிந்துபோனது. 2011 மே 2 அன்று ராதிகா சிற்சபைஈசன் இங்கே வென்று கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழரானார். அதனால் விழா மலர்களிலும் பள்ளிக்கூடக் கட்டுரைகளிலும் இதன் பெயர் அடிக்கடி வருகிறது. எங்கள் பிள்ளைகள் படிக்கப்போகும் வரலாறு இது, சரியாக இருக்க வேண்டும்.

பெரிய குழப்பமே பெயரால்தான். ஒன்ராறியோ மாகாண சட்டமன்றத்திலும் இதே பெயரில் ஒரு தொகுதி இருந்தது. ரொறன்ரோ மாநகரசபையின் 41, 42ஆம் வட்டாரங்களுக்கும் 2018 வரை இதே பெயர் இருந்தது. நாடாளுமன்றத் தொகுதி 2015-இல் போனபிறகும் மாகாணத் தொகுதி 2018 வரை நீடித்தது. 2016 செப்டம்பர் இடைத்தேர்தலில் றேமண்ட் சோ வென்றது அந்த மாகாணத் தொகுதியில். அதைக் கொண்டுவந்து நாடாளுமன்றப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். எந்தச் சபைக்கான தேர்தல் என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம், "ரூஜ் றிவர் தொகுதிதான் ரூஜ் பார்க் தொகுதி என்று பெயர் மாறியது" என்று எழுதுகிறார்கள். மாறவில்லை, உடைந்தது. நாடாளுமன்றம் 308 இடங்களிலிருந்து 338 ஆனபோது இதன் ஒரு பகுதி ஸ்காபரோ வடக்குக்குப் போனது, இன்னொரு பகுதி ஸ்காபரோ–ரூஜ் பார்க்குக்குப் போனது. இரண்டுமே பக்கத்துத் தொகுதிகளின் துண்டுகளும் சேர்ந்து உருவானவை. இதை விட்டுவிட்டால் அடுத்த தவறும் வந்துவிடும்: 2015-இல் கரி ஆனந்தசங்கரி ராதிகாவைத் தோற்கடித்தார் என்பது. அவர்கள் இருவரும் மோதவே இல்லை. ராதிகா ஸ்காபரோ வடக்கில் நின்றார், அங்கே வென்றவர் ஷான் சென். கரி வென்றது ரூஜ் பார்க்கில்.

கதையை 2011-இல் தொடங்குவதும் குறைதான். லிபரல் கட்சியின் டெரெக் லீ 1988 முதல் 2008 வரை ஏழு தேர்தல்களில் தொடர்ந்து வென்று, 2011 வரை உறுப்பினராக இருந்தார். தமிழ்க் குடும்பங்கள் ஸ்காபரோவில் வேரூன்றிய காலம் பெரும்பாலும் அவருடைய காலம். அவரை ராதிகா வென்றார் என்பதும் பிழை, 2011-இல் லீ போட்டியிடவில்லை.

"முதல் தமிழர்" என்பதையும் அளந்து எழுதுங்கள். தேர்தலில் வென்ற முதல் கனடியத் தமிழர் ராதிகா அல்ல. லோகன் கணபதி 2006-இலேயே மார்க்கம் நகரசபைக்குத் தெரிவாகிவிட்டார். "நாடாளுமன்றத்துக்கு" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் இருவருக்கும் நியாயம் கிடைக்கும்.

வாக்கு எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. கனடாவில் பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகள் மறுபடி வரையப்படும். பெயர் அப்படியே இருந்தாலும் தெருக்கள் கைமாறியிருக்கலாம். அந்தந்தத் தேர்தலுக்குரிய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களைப் பாருங்கள்.