உப்புக்காற்றில் புல்-அப் கம்பி

பாம்பன், மண்டபம் பக்கம் வீட்டில் கதவு நிலைக்குள் திருகி மாட்டும் புல்-அப் கம்பி (தொங்கி உடலை மேலே இழுக்கும் உடற்பயிற்சிக் கம்பி) வைத்திருக்கிறீர்களா? எடை தாங்குமா என்று பார்க்கும் முன், துருவைப் பாருங்கள்.

என்னுடையது குரோம் பூச்சுக் கம்பி. கச்சான் காற்று அடித்த ஒரே பருவத்தில் ரப்பர் முனைக்குள்ளிருந்து செம்பொடி உதிர்ந்தது. வெளியே பளபளப்பு அப்படியே! உப்பு குடியேறுவது மறையில்தான் (திருகும் புரியில்). வாரம் ஒருமுறை கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள் (போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு). காய்ந்தபின் மறையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். ரப்பரில் பட்டால் கம்பி வழுக்கும். புதிதாக வாங்குவதானால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைக்கிறதா என்று கேளுங்கள். 304-ஐ விட உப்பைத் தாங்கும்.

நிலையையும் விரலால் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான் அரித்திருக்கலாம். பிவிசி நிலையில் மாட்டவே வேண்டாம்.

மாட்டியதும் இரு முனையைச் சுற்றியும் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு விலகித் தெரிந்தால் கம்பி நழுவுகிறது என்று அர்த்தம். தினமும் முதலில் கால் தரையில் இருக்கவே பாதி எடையைக் கொடுத்துப் பாருங்கள்.

கையால் இழுத்து மேலே ஏற முடியாதவர்கள் ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேல் வந்ததும் காலை எடுத்து, ஐந்து எண்ணியபடி மெதுவாக இறங்கலாம். 5 தடவை போதும்.

தலைவாசலில் மாட்டாதீர்கள். "விளக்கு வைக்கிற நேரத்துல வவ்வால் மாதிரி தொங்காதடா" என்று எங்கள் அம்மா போட்ட சத்தத்தில் என் கம்பி பின்கட்டு அறைக்குப் போய்விட்டது.