இந்தியத் தேனீயில் பைப்புழு நோய்: முதல் நாளிலிருந்து என்ன செய்வது?

புழுக்கள் செத்துக் கிடக்கின்றன, ஆனால் நாற்றம் இல்லை. இந்தியத் தேனீ வளர்ப்பவர் இதைக் கண்டால் முதலில் பைப்புழு நோயை உண்டாக்கும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸைத்தான் நினைக்க வேண்டும். 1976-ல் தாய்லாந்தில் தெரியவந்த இந்த நோய், 1991-92-ல் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. இதற்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக்கைப் பாகில் கரைத்து வைப்பது வீண். வைரஸை அது தொடவே தொடாது, தேன்தான் கெடும். கொஞ்ச நாள் கூட்டில் புழுவே இல்லாமல் செய்வதுதான் நம்மால் ஆகிற காரியம்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். வெயில் ஏறிய பிறகு புழு அறைச் சட்டம் ஒன்றை எடுத்து, கண்ணறைகளுக்குள் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். மூடப்படாத, அல்லது மூடியில் ஓட்டை விழுந்த கண்ணறைகளில் புழு மல்லாந்து, தலையைத் தூக்கி, படகு மாதிரிக் கிடக்கும். சின்ன இடுக்கியால் தலைப்பக்கம் பிடித்து மெல்ல இழுங்கள். நீர் கோத்த பையாக முழுசாக வந்தால் இதே நோய்தான். முத்து வெள்ளை மங்கி மஞ்சளாகி, பழுப்பேறி, கடைசியில் கறுத்த செதிலாகக் காய்ந்துவிடும். புளித்த வாடை அடித்தால் அது பாக்டீரியா நோயாக இருக்கலாம், வைத்தியம் வேறு.

அன்றே ராணியைக் கூண்டில் அடைத்து நடு அடையில் பொருத்துங்கள். 14 நாள் இருக்கட்டும். செத்த புழுவை அகற்றும் இளம் தேனீக்கள் வைரஸை விழுங்கி, பிறகு ஊட்டும் உணவோடு அடுத்த புழுவுக்குக் கொடுத்துவிடுகின்றன. முட்டை 3 நாள், புழு 5 நாள். ஆகவே ஒன்பதாம் நாள் வாக்கில் ஊட்ட வேண்டிய புழுவே கூட்டில் இருக்காது, சங்கிலி அறுந்துவிடும்.

நோய் மிகுந்த அடைகளை அறுத்துக் குழியில் போட்டு எரியுங்கள். தேனீக்கள் போர்த்தி நிற்கும் அளவுக்கு மட்டும் அடை விடுங்கள். காலி அடையில் மெழுகு அந்துப்பூச்சி புகும். சாயங்காலம் 200 கிராம் சர்க்கரையை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, ஆறியதும் சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தேனீ மூழ்காமலிருக்க நாலு குச்சி மிதக்கவிடுங்கள். வெளியே வைத்தால் பக்கத்துக் கூட்டுத் தேனீக்கள் திருட வந்து நோயையும் எடுத்துப் போகும்.

ஏழாம் நாள் பாருங்கள். ராணி அறை கட்டியிருந்தால் கிள்ளிவிடுங்கள். பதினான்காம் நாள் ராணியைத் திறந்துவிடலாம். நோய் வந்தும் தாக்குப்பிடித்த கூட்டிலிருந்து வளர்த்த புது ராணி கிடைத்தால் அதுவே மேல். பத்து நாள் கழித்துப் புதுப் புழுக்களைப் பாருங்கள். மறுபடி பை தெரிந்தால் ராணியை மாற்றியே ஆக வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: இளைத்த கூட்டைத் தேற்றுவதாக நினைத்து நல்ல பெட்டியின் புழு அடையைக் கொண்டுவந்து வைப்பார்கள். அது வைரஸுக்குப் புதுத் தீனி. நோய்ப் பெட்டியைக் கடைசியாகத் திறங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டி திறக்கும் உளியை நெருப்பில் வாட்டுங்கள். கூட்டம் செத்து ஒழிந்த பெட்டியைச் சலவை சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, உட்புறத்தைத் தீ பீய்ச்சும் புளோ லாம்பால் மரம் லேசாகப் பழுப்பேறும்வரை வாட்டாமல் அதில் வேறு கூட்டத்தைக் குடியேற்றாதீர்கள்.