கயிலாயம் போகிறீர்களா? கிரோங்கில் அந்த ஒரு நாளை வெட்டாதீர்கள்

ஸ்வெட்டர் எடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பதெல்லாம் யாராவது சொல்லியிருப்பார்கள். இதுவரை மூன்று முறை போய்வந்துவிட்டேன். முதல் தடவை நான் செய்த அதே தவறை, ஒவ்வொரு குழுவிலும் புதிதாக வருகிறவர்கள் திரும்பச் செய்கிறார்கள்.

ஒரு நாளை மிச்சம் பிடிப்பது

காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். நேபாள எல்லை தாண்டினால் திபெத்தின் கிரோங் ஊர், 2,800-க்குப் பக்கம். அடுத்து இரவு தங்கும் ஊர் சாகா, ஏறத்தாழ 4,500. 3,000 மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வண்டியோ ஒரே பகலில் 1,700 மீட்டர் ஏற்றிவிடும். அதனால்தான் கிரோங்கில் கூடுதலாக ஒரு நாள் தங்க வைக்கிறார்கள். பர்மிட் தாமதமானால் முதலில் கைவைப்பதும் அந்த நாளில்தான்.

எங்கள் குழுவில் "தங்க வேண்டாம், கிளம்பலாம்" என்றவர்களில் நானும் ஒருவன். சாகாவில் இரவு முழுக்கத் தலைவலி, வாந்தி. வழிகாட்டிக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்து, இரண்டு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். கயிலாயத்தைச் சுற்றும் பரிக்ரமா நடை தொடங்கும் டார்ச்செனில் இறங்கியபோது நேராக நடக்க முடியவில்லை, கால் பின்னியது. மூளை வீங்கத் தொடங்குவதற்கான அடையாளம் அது என்று அன்று எனக்குத் தெரியாது, நல்ல வேளையாக வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தது.

இங்கேதான் திபெத் மற்ற மலைகளிலிருந்து வேறுபடுகிறது. இமயமலையின் வேறு பக்கங்களில் முடியாவிட்டால் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடலாம். இது பீடபூமி, எந்தப் பக்கம் போனாலும் உயரம்தான். என்னை இறக்கிக் கொண்டுபோன ஊர் புராங், அதாவது தக்லகோட். அது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதுவே 3,900 மீட்டர். பரிக்ரமா போயே போச்சு. வருஷக்கணக்கில் காசு சேர்த்துப் போய், மலையை வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பியது இன்னும் வலிக்கிறது.

வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும், நோய் உள்ளே ஏறிக்கொண்டேயிருக்கும். கையில் வாங்கிப் போகும் ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை போடுவதென்றால் உயரம் ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும்; சல்ஃபா அலர்ஜி இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. தலைவலி வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வந்தாலும் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

டோல்மா லாவில் உட்கார்ந்துவிடுவது

பரிக்ரமாவில் ஏறிக் கடக்கும் கணவாய் இது, 5,630 மீட்டர். கும்பிடுங்கள், இறங்குங்கள்.

தலாய் லாமா படம்

திபெத்தில் அதற்குத் தடை. போனில்கூட வேண்டாம்.

"நான் மட்டும் முன்னாடி திரும்பிவிடுகிறேன்"

நேபாளம் வழியாகப் போனால் குழு விசா. சேர்ந்து நுழைந்தவர்கள் சேர்ந்துதான் வெளியேற வேண்டும், நினைத்த நேரத்தில் ஒருவர் மட்டும் பிரிய முடியாது.

கடிகாரம்

திபெத் முழுக்க பெய்ஜிங் நேரம், நேபாளத்தைவிட 2 மணி 15 நிமிடம் முன்னால். காலை ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்றால் அங்கே கும்மிருட்டு. தலையில் மாட்டும் டார்ச்சைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.