பண்டா–செல்வா ஒப்பந்தத்தைப் பேத்திக்குச் சொல்வது எப்படி?

இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் இது. முதலில் பாடப்புத்தகத்தை மூடிவையுங்கள். நான் பேத்தியை டச்சு பே கடற்கரைக்குக் கூட்டிப்போய், கையில் கச்சானைக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

1956 ஜூனில் வந்த, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம்தான் முதற்படி. அதே ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி இந்தத் திருகோணமலையில்தான் மாநாடு கூடிச் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்டது. சொந்த ஊர்ப் பெயர் வந்ததும் பிள்ளை நிமிர்ந்து உட்காருவாள்.

அப்புறம் காணி. இங்கே அவசரப்படாதீர்கள், மொழியை மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும். மணலில் வரைபடம் கீறி, கந்தளாய்க் குளத்துக்கு ஒரு சிப்பி வையுங்கள். அங்கே காணி கொடுத்து யாரைக் குடியேற்றுவது என்ற முடிவு அப்போது கொழும்பு அரசின் கையில். ஒப்பந்தம் அந்த அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குத் தர இருந்தது: வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு இரண்டோ கூடவோ. வடக்கு கிழக்கில் நிர்வாகம் தமிழில்.

1957 ஜூலை 26 கையெழுத்து. 1958 ஏப்ரல் 9, பிக்குமார் பண்டாரநாயக்காவின் வீட்டுக்கு முன்னால் உட்கார, அவர் கைவிட்டார். சரி, ஒன்பது மாதம்கூட இல்லை. "கிழிச்சே போட்டாரா தாத்தா?" என்று கேட்பாள்.

அடுத்து வந்த, தமிழருக்கு எதிரான மே மாதக் கலவரத்தை அன்றே சொல்லாதீர்கள். இருட்டிவிடும், வீட்டுக்குப் போக வேண்டும்.