பழைய மோட்டார் கேசிங்கில் ஹைப்ரிட்: நானும் செய்த தவறுகள்

போன மாதம் பொழுதுபோக்கு ராக்கெட் ஏவுதளத்தில் இரண்டு பையன்கள் ஒரு பழைய 54 மில்லிமீட்டர் கேசிங்கை, அதாவது திட எரிபொருள் மோட்டாரின் வெளிக்குழாயை, ஹைப்ரிட் மோட்டாருக்கான நைட்ரஸ் டேங்க்காக மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஹைப்ரிட்டில் எரிபொருள் திடமாக இருக்கும், அதை எரியவைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு தனி டேங்க்கில் அழுத்தத்தோடு இருக்கும். பளபளவென்று மெருகேற்றி, கறுப்பு பெயின்ட் அடித்த ராக்கெட்டுக்குள் வைத்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு முன் என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். லைனர் (கேசிங்கைச் சூட்டிலிருந்து காக்கும் உள்குழாய்) அளவு தவறுவது, ஒயரை மாற்றிச் சொருகுவது எல்லாம் முதல் நாளே தானாகத் தெரிந்துவிடும், அதை விடுவோம்.

கேசிங் வேறு, டேங்க் வேறு

"திட எரிபொருளில் 60 பார் தாங்கியது சார், நைட்ரஸ் 50 பார்தானே?" இந்தக் கணக்கைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும், ஏனென்றால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திட மோட்டாரில் பொத்தானை அழுத்திய பிறகுதான் அழுத்தம் வருகிறது, மூன்று நான்கு நொடியில் போய்விடுகிறது, அப்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. நைட்ரஸ் அப்படியா? தீ வைப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடும், நீங்கள் காத்திருக்கும் நேரமெல்லாம் உள்ளேயே இருக்கும். 20 டிகிரியில் சுமார் 50 பார், 36 டிகிரியைத் தொடும்போது 70ஐத் தாண்டிவிடும். 54 மில்லிமீட்டர் கேசிங்கின் உள் விட்டம் ஏறக்குறைய 50 என்று வைத்துக்கொண்டால், 50 பாரில் மூடியைத் தள்ளும் விசை ஒரு டன். ஒரு சின்னக் காரின் எடையை கேசிங்கின் உள்பள்ளத்தில் மாட்டிய மெல்லிய ஸ்நாப் ரிங் (வளையம்) ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.

என் கதை அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் நடந்தது. காலையில் நிரப்பும்போது இதமான காற்று. நிரப்பி முடித்த நேரம் பார்த்து, வேறொருவரின் ராக்கெட் பாராசூட்டோடு எங்கேயோ போய் விழ, அதைத் தேடப் போனவர்கள் திரும்பும்வரை எல்லாரும் காத்திருந்தோம். வென்ட் (டேங்க்கிலிருந்து வாயு வெளியேறும் துளை) திறந்திருந்தால் நைட்ரஸ் கொதித்து வெளியேறித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். நானோ கேஸ் வீணாகிறதே என்று அதை மூடிவைத்தேன். சுத்தக் கஞ்சத்தனம். இருபது நிமிடத்தில் டப்பென்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை. நெருப்பே இல்லை. மேல்மூடி பாராசூட்டையும் எலக்ட்ரானிக்ஸையும் மூக்குக் கூம்பையும் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

வீட்டுக்கு வந்து வெர்னியர் வைத்துப் பார்த்தால், மேல்முனையின் விட்டம் நடுப்பகுதியைவிட 0.4 மில்லிமீட்டர் கூடுதல், ஸ்நாப் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு மழுங்கிப்போயிருக்கிறது. இந்த வகைக் கேசிங்கில் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும். பல வருடமாக நாசில் (சூடான வாயு வெளியே பாயும் வாய்) பக்கம் இருந்து சூடு வாங்கிய முனையை நான் தெரியாமல் மேலே வைத்திருக்கிறேன். கேசிங் செய்யும் 6061-டி6 அலுமினியம் ஒருமுறை அதிகமாகச் சூடானால் பழைய பலம் திரும்பாது, ஆறிய பிறகும் திரும்பாது, மெருகேற்றினால் அந்த அடையாளமும் போய்விடும். ஆகவே எத்தனை முறை எரிந்தது என்று தெரியாத கேசிங்கை டேங்க்காக்க வேண்டாம். புதிதாக வாங்கினாலும், டேங்க் சந்திக்கப்போகும் உச்ச அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் தண்ணீர் வைத்துச் சோதித்து, முன்னும் பின்னும் விட்டத்தை அளந்து எழுதி வையுங்கள்.

எரிந்தால்தானே ஆபத்து என்பவர்களுக்கு ஒன்று: அதே மொஹாவேயில் 2007 ஜூலை 26 அன்று மூன்று பேர் இறந்தது எஞ்சினைப் பற்றவைக்காமல் நைட்ரஸை மட்டும் பாய்ச்சிப் பார்த்த சோதனையில்.

காற்றடித்துச் சோதிப்பது

வேண்டாம். தண்ணீர் நிரம்பிய குழாய் வெடித்தால் கசியும், காற்று நிரம்பியது வெடித்தால் பறக்கும்.

கிரீஸ்

திட மோட்டாருக்குத் தடவும் பெட்ரோலிய கிரீஸ் நைட்ரஸுக்கு எரிபொருள். பழைய கேசிங்கின் பள்ளங்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கும், துடைத்தால் போதாது, கழுவ வேண்டும். அப்புறம் கிரைடாக்ஸ் போன்ற ஃப்ளோரின் கிரீஸ் போடுங்கள். விலை வலிக்கும்.

ஓ-ரிங்

கசிவைத் தடுக்கும் இந்த ரப்பர் வளையம் நைட்ரஸில் ஊறி உப்பியிருந்தால் திரும்பப் போடாதீர்கள்.

திட மோட்டாரின் நாசில்

நாசிலின் தொண்டை, அதாவது மிகக் குறுகிய இடம், சின்னதாக இருந்தால் எரிஅறையின் அழுத்தம் டேங்க்கின் அழுத்தத்தை நெருங்கும். முதலில் நைட்ரஸ் வரத்து தடுமாறும், அதையும் மீறினால் நெருப்பு டேங்க் பக்கம் திரும்பும். அப்படியே மாட்டாமல் கணக்குப் போட்டு மாற்றுங்கள்.

நிரப்பினோம், ஏவ முடியவில்லை

தூரத்திலிருந்தே காலி செய்ய வழி இல்லையென்றால் நிரப்பவே கூடாது. அந்தப் பையன்களிடம் இதைக் கேட்டேன். "நடந்து போய்த் திறந்துவிடலாம் சார்" என்றார்கள். அன்றைக்கு அவர்களை நிரப்ப விடவில்லை, இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.